சித்திகளும் செஞ்சுகளும்: ஒரே நிஜாம் ஆட்சியில் வாழ்ந்த இரண்டு சமூகங்கள் இன்று எங்கே நிற்கின்றன?

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு லக்டிகாபூல் - மாசாப் டேங்க் சாலை பழக்கமானதுதான். அந்தச் சாலையை ஒட்டி 'ஏ.சி. கார்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ குளிர்சாதனக் கடை வீதி மாதிரி தோன்றும். ஆனால் 'ஏ.சி.' என்பது 'ஆப்பிரிக்கன் கேவல்ரி'. அதாவது நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை. அந்தப் படையில் இருந்த சித்தி மக்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மாசாப் டேங்கில், தெலங்கானா அரசின் நலத்துறை அலுவலகங்கள் இயங்கும் சம்க்ஷேம பவன் வளாகம் இருக்கிறது. பழங்குடியினர் நலத்துறையின் தலைமை அலுவலகம், பழங்குடி ஆய்வு நிறுவனம், நேரு நூற்றாண்டு பழங்குடி அருங்காட்சியகம் எல்லாம் இங்கேதான். நல்லமலைக் காட்டில் வாழும் செஞ்சு மக்களுக்கான திட்டக் கோப்புகள் இந்தக் கட்டடத்தின் வழியாகத்தான் நகர்கின்றன. ஆனால் அந்தக் காடு இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாழும் சித்திகளுக்கு அங்கே கோப்பு இல்லை. தெலங்கானாவில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் வரவில்லை. கோப்பு உள்ள செஞ்சுகளோ அந்த அலுவலகத்துக்கு வந்து போகவே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இரண்டு சமூகங்களும் ஒரே நிஜாம் ஆட்சியின் கீழ் இருந்தவை. அரசின் பட்டியலில் ஒரு சமூகத்தின் பெயர் இருப்பதால் உண்மையில் என்ன கிடைக்கிறது? இந்த இரண்டு சமூகங்களையும் ஒப்பிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிகிறது.

முதலில், சித்திகள் யார்?

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளாக அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் சித்திகள். 'ஹப்ஷி' என்றும் அழைக்கப்பட்டார்கள். தக்காணத்தில் இவர்களின் வரலாறு பெரியது. அகமதுநகர் சுல்தானகத்தைத் தாங்கிப் பிடித்து முகலாயர்களை அலைக்கழித்த மாலிக் அம்பர், அடிமையாக விற்கப்பட்டு இந்தியா வந்த ஒரு ஹப்ஷிதான். ஹைதராபாத்தின் ஹப்சிகூடா என்ற பெயரிலேயே 'ஹப்ஷி' ஒளிந்திருக்கிறது என்றும் சொல்வார்கள்.

ஏ.சி. கார்ட்ஸ் சித்திகளின் கதை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வனபர்த்தி சமஸ்தானத்தின் ராஜா தன்னிடம் ஆப்பிரிக்க வீரர்கள் கொண்ட ஒரு படையை வைத்திருந்தார். அது பின்னர் நிஜாமின் கைக்கு மாறியது. நிஜாமின் மெய்க்காவல், ஊர்வலம், அரண்மனை விழாக்கள் என்று அந்தப் படைக்குத் தனி மரியாதை. சம்பளம், குடியிருப்பு, குதிரை, சீருடை எல்லாமே அரசாங்கத்துடையது. ஆனால் சொந்தம் என்று சொல்ல நிலம் கிடையாது.

சரி, செஞ்சுகள் யார்?

அஹோபிலம் போய் வந்தவர்களுக்கு செஞ்சுலட்சுமி தெரியும். நரசிம்மர் மணந்துகொண்ட வேடுவப் பெண் என்று தலபுராணம் சொல்கிறது. அந்த நல்லமலைக் காட்டின் மூத்த குடிகள் செஞ்சுகள். வேட்டை, கிழங்கு, தேன், பிசின் என்று காட்டை நம்பி வாழ்ந்தவர்கள். காட்டுக்குள் இருக்கும் இவர்களின் சிறு குடியிருப்புகளுக்கு 'பெண்டா' என்று பெயர்.

கிருஷ்ணா நதிக்கு வடக்கே உள்ள அம்ராபாத் பீடபூமி அன்று நிஜாம் அரசுக்கு உட்பட்டது. 1940களில் ஆஸ்திரிய மானுடவியலாளர் கிறிஸ்டோஃப் வான் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப் அங்கே தங்கி ஆய்வு செய்து, 1943இல் செஞ்சுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரது யோசனையின்படி, வெளியாட்களும் காட்டு ஒப்பந்தக்காரர்களும் தொல்லை தராதபடி செஞ்சுகளுக்கென்று ஒரு பகுதியை நிஜாம் அரசு ஒதுக்கியது.

ஆக, ஒரே அரசு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு உத்தியோகம் கொடுத்தது. காட்டின் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிடம் கொடுத்தது. இரண்டும் அரசனின் தயவில் கிடைத்தவை. அரசன் போனால் என்ன ஆகும்?

1948க்குப் பிறகு என்ன ஆச்சு?

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் 'ஆபரேஷன் போலோ' மூலம் ஹைதராபாத் சமஸ்தானத்தை இந்தியாவுடன் இணைத்தது. ஐந்து நாட்களில் முடிந்துபோன நடவடிக்கை அது. நிஜாமின் படைகள் அடுத்தடுத்து கலைக்கப்பட்டன. ஆப்பிரிக்கக் குதிரைப்படையும் கலைந்தது.

இன்றைய மொழியில் சொன்னால், ஒரு சமூகம் முழுக்க ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, அந்தக் கம்பெனி ஒரே நாளில் மூடப்பட்ட மாதிரி. குதிரையேற்றமும் காவலும் தவிர வேறு தொழில் பழகாதவர்கள். படைக்குடியிருப்பில் இருந்த வீடுகள் மிஞ்சின. அடுத்த தலைமுறைகள் நகரத்தின் சிறு வேலைகளுக்குள் கரைந்தன. ஹைதராபாத் திருமணங்களில் அதிரும் 'மர்ஃபா' மேள இசை சிலருக்கு வருமானம் ஆனது. ஏமன் நாட்டு ஹத்ரமாத் பகுதியிலிருந்து வந்த அரபுப் படைவீரர்களோடு கலந்து வளர்ந்த இசை அது. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் மர்ஃபா வேண்டும். ஆனால் அது சீசன் வேலை.

காட்டில் நடந்தது வேறு. 1978இல் நல்லமலையில் வனவிலங்கு சரணாலயம் வந்தது. 1983இல் அது புலிகள் காப்பகமானது. 2014இல் தெலங்கானா பிரிந்த பிறகு, இந்தப் பக்கம் வந்த பகுதி அம்ராபாத் புலிகள் காப்பகம் என்று தனியானது. பரப்பு சுமார் 2,600 சதுர கிலோமீட்டர். நாட்டின் பெரிய புலிகள் காப்பகங்களில் ஒன்று. செஞ்சுகள் வீடு என்று சொன்ன இடம் வனத்துறையின் 'மையப் பகுதி' ஆனது. ஸ்ரீசைலம் போகும் நெடுஞ்சாலையில் இரவு ஒன்பது மணிக்கு மன்னனூரில் கேட்டை மூடிவிடுவார்கள் என்பது வார இறுதியில் கார் எடுத்துப் போகும் எல்லோருக்கும் தெரியும். நமக்கு அது ஒரு இரவுப் பயணத் தடை. அந்தக் கேட்டுக்கு உள்ளே குடியிருப்பவர்களுக்கு, சாலை போடுவது முதல் மின்கம்பம் நடுவது வரை ஒவ்வொன்றுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

சான்றிதழில் யார் எங்கே?

செஞ்சுகள் பட்டியல் பழங்குடியினர். அதிலும், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிக் குழு என்று மத்திய அரசு வகைப்படுத்தியுள்ள 75 சமூகங்களில் ஒன்று. தெலங்கானாவில் செஞ்சு, கோலம், கொண்டாரெட்டி, தோட்டி ஆகிய நான்கு சமூகங்களுக்கு இந்த அந்தஸ்து உண்டு. இந்த 75 சமூகங்களுக்காக 2023 நவம்பரில் மத்திய அரசு 'பி.எம். ஜன்மன்' திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 24,104 கோடி ரூபாய். வீடு கட்ட குடும்பத்துக்கு 2.39 லட்சம் ரூபாய், சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவக் குழு, விடுதி என்று பல பிரிவுகள்.

சித்திகள் விஷயம் குழப்பமானது. ஒரே சமூகத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு பெயர்ப் பலகை:

• குஜராத்: சௌராஷ்டிரப் பகுதியின் குறிப்பிட்ட மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியினர். செஞ்சுகளைப் போலவே அந்த 75 சமூகங்களில் இவர்களும் உண்டு.

• கர்நாடகம்: உத்தர கன்னட மாவட்டச் சித்திகள் 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். தார்வாட், பெலகாவி மாவட்டச் சித்திகளுக்கு 2020 வரை காத்திருப்பு.

• தெலங்கானா: பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'பி.சி.-இ' பிரிவு. ஒருங்கிணைந்த ஆந்திரம் 2007இல் கொண்டுவந்த சட்டப்படி, முஸ்லிம்களில் பின்தங்கிய 14 குழுக்களுக்கு மொத்தம் 4 சதவீத ஒதுக்கீடு. அந்தப் 14இல் ஒரு வரி: 'சித்தி, யாபா, ஹப்ஷி, ஜாசி'.

அந்த 4 சதவீதமும் உறுதியான தரையில் நிற்கவில்லை. 2010இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவின் பலத்தில்தான் ஒதுக்கீடு தொடர்ந்து வந்திருக்கிறது.

'முஸ்லிம்கள் என்பதால் பழங்குடி ஆக முடியாதா?' என்று கேட்கலாம். அப்படி இல்லை. பட்டியல் சாதிக்குத்தான் மத நிபந்தனை உண்டு; பழங்குடிப் பட்டியலுக்குக் கிடையாது. கர்நாடகச் சித்திகளில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு, மூவருமே பழங்குடியினர். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1965இல் லோகூர் கமிட்டி வகுத்த அளவுகோல்கள்தான் இன்றும் பயன்படுகின்றன. தனித்த பண்பாடு, பின்தங்கிய நிலை ஆகியவற்றோடு 'புவியியல் ரீதியான தனிமை', 'வெளியாரோடு பழகக் கூச்சம்' என்பவையும் அதில் உண்டு. மாநகரத்தின் நடுவில், உருது பேசிக்கொண்டு வாழும் ஒரு சமூகம் இந்த அளவுகோலில் எப்படிப் பொருந்தும்? ஏழ்மை இருக்கலாம், நிறத்தை வைத்து 'நீ எந்த நாடு?' என்று கேட்கும் கேலி இருக்கலாம். அதை அளக்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பட்டியலில் இருந்தா போதுமா?

இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இன்றைய தெலங்கானா பகுதியில் பழங்குடியினர் சுமார் 31.78 லட்சம் பேர். அதில் லம்பாடி சமூகம் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல். செஞ்சுகள் சுமார் 17 ஆயிரம். அதாவது, பழங்குடியினர் 190 பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் செஞ்சு ஒருவர்தான் இருப்பார். 2022இல் தெலங்கானா அரசு பழங்குடி ஒதுக்கீட்டை 6இலிருந்து 10 சதவீதமாக உயர்த்தியது. நல்ல செய்திதான். ஆனால் ஒரு அரசு வேலைக்கு நூறு பழங்குடி விண்ணப்பங்கள் வந்தால், பட்டப்படிப்பு முடித்த செஞ்சு இளைஞரின் விண்ணப்பம் அதில் ஒன்றாவது இருக்குமா என்பதே சந்தேகம்.

இதைச் சொல்லும்போது லம்பாடிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. அவர்களிலும் பெரும்பாலோர் கூலிகளும் சிறு விவசாயிகளும்தான். எண்ணிக்கை அதிகம், கல்வி ஓரளவு முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம். கோளாறு வரிசையில் நிற்பவர்களிடம் இல்லை, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திய ஏற்பாட்டில் இருக்கிறது.

சித்திகளுக்கும் இதே கதைதான். பி.சி.-இ பிரிவில் உள்ள 14 குழுக்களில் ஷேக் சமூகமும் ஒன்று. எண்ணிக்கையில் ஷேக்குகள் மிகப் பெரியவர்கள். அந்த 4 சதவீதத்துக்குள் ஒரு சிறு சமூகத்தின் பங்கு எவ்வளவு என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது. காரணம் எளிமையானது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதுவரை பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி சமூகங்களை மட்டும்தான் தனித்தனியாக எண்ணினார்கள். அதனால்தான் 2011இல் கர்நாடகத்தில் 10,477 சித்திகள், குஜராத்தில் 8,661 என்று எண்ணிக்கை இருக்கிறது. ஹைதராபாத் சித்திகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. எண்ணிக்கை இல்லாத சமூகத்துக்கு எந்த அதிகாரி திட்டம் போடுவார்?

எண்ணப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கர்நாடகம் ஒரு உதாரணம். 2020இல் சாந்தாராம் சித்தி அந்த மாநில மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சமூகத்திலிருந்து சட்டமன்றம் சென்ற முதல் ஆள். குஜராத்தின் ஜாம்பூர் கிராமத்தைச் சேர்ந்த ஹிராபாய் லோபிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டியல் ஒன்றே இதைச் செய்துவிடவில்லை. ஆனால் 'இப்படி ஒரு சமூகம் இருக்கிறது' என்று அரசுக்குத் தெரிவது முதல் படி.

அப்போ, இருவரில் யார் நிலைமை பரவாயில்லை?

நேரடியாக ஒப்பிட்டால் சித்திகள் பக்கம் கொஞ்சம் சாதகம் தெரியும். ஏ.சி. கார்ட்ஸிலிருந்து நிலோஃபர் குழந்தைகள் மருத்துவமனை மிக அருகில். பள்ளி, கல்லூரி, பேருந்து, வேலைவாய்ப்பு எல்லாம் நகரம் தரும் வசதிகள். உள்காட்டுப் பெண்டாவில் பிரசவ வலி வந்தால், ஆம்புலன்ஸ் வரும் சாலை வரைக்கும் தூக்கி வர வேண்டியிருக்கிறது. ரத்தசோகையும் ஊட்டச்சத்துக் குறைவும் செஞ்சுகளைத் துரத்தும் பழைய நோய்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டை அத்தோடு நிறுத்தினால் தவறான முடிவுக்கு வருவோம். நகரத்தின் வசதிகள் சித்திகளுக்கு உரிமையாக வந்தவை அல்ல, இருப்பிடத்தால் வந்தவை. நகர மையத்தில் நில விலை ஏற ஏற, அந்த இருப்பிடமே நெருக்கடிக்கு உள்ளாகிறது. அங்கிருந்து புறநகருக்கு நகரும் குடும்பத்துக்குப் பழைய அக்கம்பக்கமும் போகும், மருத்துவமனைக்கு நடந்து போகும் வசதியும் போகும்.

செஞ்சுகளுக்கோ சட்டத்தில் உரிமைகள் ஏராளம். 2006 வன உரிமைச் சட்டம் தனிப்பட்டாவும் சமூக உரிமையும் தருகிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகளுக்கு 'வாழிட உரிமை' என்று தனியாகவும் ஒரு பிரிவு உண்டு. அதாவது, உழும் துண்டு நிலத்துக்கு மட்டுமல்ல, மேயும், தேன் எடுக்கும், கும்பிடும் நிலப்பரப்பு முழுவதற்கும் உரிமை. மத்தியப் பிரதேசத்தில் பைகா மக்களுக்கு 2015இல் இந்த உரிமை அங்கீகரிக்கப்பட்டது.

அதே நேரத்தில் எதிர்த்திசையிலும் காற்று அடிக்கிறது. 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், காப்பகங்களின் மையப் பகுதியில் உள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடமாற்ற முன்னுரிமை தரும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வெளியேற ஒப்புக்கொள்ளும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் அல்லது நிலம், வீடு அடங்கிய தொகுப்பு. சட்டப்படி இது 'தன்விருப்ப' இடமாற்றம். ஆனால் சாலையும் மின்சாரமும் இல்லாத ஊரில் இருப்பவரிடம் 'விருப்பம் இருந்தா போகலாம்' என்று சொன்னால், அதில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியில்லாமை எவ்வளவு?

காட்டுக்கே ஆபத்து வந்தபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். 2019இல் அம்ராபாத் பகுதியில் யுரேனியம் ஆய்வுக்கான திட்டம் வெளியே தெரிந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சினிமாக்காரர்கள் முதல் மாணவர்கள் வரை 'நல்லமலையைக் காப்போம்' என்றார்கள். அந்த செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் யுரேனியம் எடுப்பதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. காடு தப்பியது. ஆனால் அந்தக் காட்டில் யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

லைபீரியாவும் யூட் மக்களும் சொல்லும் பாடம்

இதே ஜோடியை உலக அளவில் தேடினால் இரண்டு உதாரணங்கள் பளிச்சென்று கிடைக்கின்றன. கடல் கடந்து குடியேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு லைபீரியா. ஒதுக்கிடத்துக்குள் ஒடுக்கப்பட்ட பூர்வகுடிகளுக்கு அமெரிக்காவின் யூட் மக்கள்.

அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1822 முதல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் குடியேற்றப்பட்டார்கள். 1847இல் லைபீரியா சுதந்திர நாடானது. அங்கீகாரம் என்றால் இதைவிடப் பெரியது என்ன இருக்கிறது? தனிக் கொடி, தனி அரசியல் சாசனம். ஆனால் குடியேறிய சிறுபான்மையினர் ஏற்கெனவே அங்கே வாழ்ந்த பெரும்பான்மையினரை நூறாண்டுக்கு மேல் ஒதுக்கியே வைத்தார்கள். 1926இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்துக்கு ரப்பர் தோட்டம் போட 10 லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டு குத்தகை தரப்பட்டது. அந்த மண்ணில் யாருக்கு உரிமை என்று கிராமத்தாரிடம் யாரும் கேட்கவில்லை. 1980இல் ராணுவப் புரட்சி, 1989 முதல் 2003 வரை இரண்டு உள்நாட்டுப் போர்கள், சுமார் இரண்டரை லட்சம் பேர் சாவு, 2014இல் எபோலா. இன்றும் உலகின் ஏழை நாடுகளில் ஒன்று. பாரம்பரிய நிலம் அந்தந்தச் சமூகத்துக்கே சொந்தம் என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் 2018இல்தான் வந்தது.

யூட் மக்களின் கதை இன்னும் நெருக்கமானது. 1868 ஒப்பந்தத்தில் கொலராடோவின் மேற்குப் பகுதி அவர்களுக்கு என்றார்கள். மலையில் தங்கமும் வெள்ளியும் கிடைத்ததும் 1873இல் அதில் ஒரு பகுதி பறிபோனது. 1881இல் வடக்கு யூட் மக்கள் யூட்டாவுக்கு விரட்டப்பட்டார்கள். இன்று அமெரிக்க அரசு அங்கீகரித்த மூன்று யூட் பழங்குடி அரசுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் சட்டத் தகுதி ஒன்றுதான். ஆனால் வாழ்க்கை ஒன்றாக இல்லை.

சதர்ன் யூட் மக்கள் சுமார் 1,500 பேர்தான். இவர்களின் மண்ணுக்கடியில் இயற்கை எரிவாயு. வெளி நிறுவனங்கள் கொடுக்கும் ராயல்டியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காமல், 1970களில் புதிய குத்தகைகளை நிறுத்தி வைத்தார்கள். பழைய கணக்குகளைத் தோண்டினார்கள். 1992இல் 'ரெட் வில்லோ' என்ற சொந்த எரிவாயு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் ஃபிட்ச் நிறுவனத்தின் 'ஏஏஏ' தரச்சான்றே கிடைத்தது. பக்கத்திலேயே இருக்கும் யூட் மவுண்டன் யூட் மக்களிடம் அந்த அளவு வளம் இல்லை. 2021 வறட்சியில் அவர்களின் பண்ணைக்கு வழக்கமான பாசன நீரில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அவர்களின் ஒயிட் மீசா ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி யுரேனியம் ஆலை இயங்குகிறது. நிலத்தடி நீர் என்னாகுமோ என்று பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அம்ராபாத் செஞ்சுகளுக்கு இந்தக் கவலை புதிதாக இருக்காது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். லைபீரியாவுக்குக் கிடைத்த நாடு என்ற அங்கீகாரமும், யூட் மக்களுக்குக் கிடைத்த பழங்குடி அரசு என்ற அங்கீகாரமும் கதவைத்தான் திறந்துவிட்டன. உள்ளே என்ன இருக்கும் என்பதை நிலமும் நீரும் யார் கையில், முடிவு யார் கையில் என்பதுதான் தீர்மானித்தது.

நம்ம ஊர்ல இது புதுசா?

இல்லை. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது இதே காரணத்துக்காகத்தான். பெரிய கூடையில் சிறியவர்கள் காணாமல் போகக் கூடாது என்று. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதியினருக்குள் இப்படிப் பிரிப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2025 ஏப்ரல் 14 முதல் தெலங்கானா பட்டியல் சாதியினரை மூன்று பிரிவாக்கியது. மிகவும் பின்தங்கிய 15 சாதிகளுக்குத் தனியாக 1 சதவீதம்.

அதே தர்க்கத்தைப் பழங்குடிப் பட்டியலுக்கும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கும் நீட்டினால் செஞ்சுவும் சித்தியும் கண்ணில் படுவார்கள். தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. இங்கே பழங்குடியினருக்கு 1 சதவீதம்தான். அதில் மூன்றரை லட்சத்தைத் தாண்டும் மலையாளிகளும், இரண்டாயிரம் பேர் மட்டுமே உள்ள தோடர்களும், 2023இல் சேர்ந்த நரிக்குறவர்களும் ஒரே வரிசையில்.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

மூன்று விஷயங்கள். ஒன்று, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சுதந்திர இந்தியாவில் முதல் முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படப் போகின்றன. ஹைதராபாத் சித்திகள் தங்களை 'ஷேக்' என்றோ வெறுமனே 'முஸ்லிம்' என்றோ பதியாமல் 'சித்தி' என்று பதிய முடிந்தால், அவர்களுக்கென்று அந்தக் கணக்கெடுப்பில் ஓர் எண் கிடைக்கும். எண்ணெடுக்க வருபவரின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவருக்கும் அதன் பயன் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, நல்லமலையில் வாழிட உரிமை. வீடு கட்டப் பணம் ஒதுக்கும் அதே அரசு, அந்த வீடு நிற்கும் மண்ணுக்கு உரிமை தருமா, அல்லது 15 லட்சம் கொடுத்து வெளியே அனுப்புமா? இரண்டு திட்டங்களும் ஒரே நேரத்தில், ஒரே குடும்பத்தின் வாசலுக்கு வந்து நிற்கின்றன.

மூன்று, வேலை. 2000ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஆந்திர அரசு, பட்டியல் பகுதிகளில் ஆசிரியர் பணி முழுவதையும் உள்ளூர்ப் பழங்குடிகளுக்கே என்று ஒதுக்கியிருந்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நூறு சதவீதம் கூடாது என்றால், உள்ளூர்ச் சிறு சமூகத்துக்கு எத்தனை சதவீதம் சரி? அதற்கு மாற்று ஏற்பாடு வராதவரை, பெண்டாவில் பத்தாவது முடிக்கும் பெண்ணுக்கு ஊருக்கு அருகிலேயே கிடைக்கக்கூடிய மாதச் சம்பள வேலை வனத்துறைக் காவல் முகாமிலோ அங்கன்வாடியிலோதான்.

நிஜாம் காலத்தில் ஒரு சமூகத்துக்குச் சீருடை கிடைத்தது, இன்னொன்றுக்குக் காட்டில் எல்லை போட்டுக் கொடுத்தார்கள். அரசன் மனது வைத்தால் கிடைக்கும், மாறினால் போய்விடும் என்ற நிலைமையிலிருந்து இருவரும் குடிமக்கள் என்ற நிலைமைக்கு வந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சித்திகளை இன்னும் எண்ணி முடிக்கவில்லை. செஞ்சுகளின் மண்ணுக்கான பட்டா இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. சலுகை உரிமையாக மாற மிச்சமிருக்கும் வேலை இந்த இரண்டும்தான்.